ஈரப்பதம்

பதினேழுக்கு மேல் போனால்
மூட்டையைத் திருப்பிவிடுவேன்.
அது என் வேலை.
கைப்பிடி நெல்லைக் கருவியின் வாயில் போட்டு
எண் வரும்வரை
யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

என் விரலில் குத்தி
வேறொரு கருவியின் வாயில் ஒரு சொட்டு விட்டபோது
இருநூற்றுப் பன்னிரண்டு என்றது.
என்னைத் திருப்பி அனுப்ப
எந்த வாசலும் இல்லை.

"நடங்க சார், பத்தாயிரம் அடி.
சோத்தைப் பாதியாக்குங்க."
நீடாமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு
சோற்றைப் பாதியாக்கச் சொல்கிறார்.
ஜன்னலுக்கு வெளியே
நானூறு மூட்டையோடு ஒரு லாரி
ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

முதல் வாரம் கேட் வரைக்கும் நடந்தேன்.
ரயில்வே கேட்.
எங்கள் ஊரில் விதி என்றால் அதுதான்.
விழுந்தால் எப்போது எழும் என்று
எந்த ஜோசியனும் சொல்ல மாட்டான்.
அந்தப் பக்கம் சரக்கு ரயிலில்
நான் எடை போட்ட நெல்லே
பெட்டி பெட்டியாக ஊர்ந்து போகும்.
இந்தப் பக்கம் ஜெகபர் பாய்
வாழைக்காயைச் சீவி மாவில் முக்கி
எண்ணெயில் இறக்குவார், சொய்ங் என்று.
நாற்பத்திரண்டு பெட்டி எண்ணி முடிப்பதற்குள்
மூன்று பஜ்ஜி.
"டாக்டர் நடக்கச் சொன்னதுல
நமக்குத்தான் வியாபாரம்" என்றார் பாய்.

இரண்டாம் வாரம்
கேட் இல்லாத திசையில் நடந்தேன்.
அந்தத் திசையில் பால்திரட்டுக் கடை.

ஞாயிற்றுக்கிழமை ஊரை விட்டே விலகி
கோரையாற்றங்கரைச் சாலையில் போனேன்.
தாமதமாக எழுந்ததால் ஒன்பதரை வெயில்.
சாலையின் பாதி அகலத்துக்குக் குறுவை நெல் கொட்டிக் கிடக்க
மடித்த தார்ப்பாய் மீது
தையல்நாயகி உட்கார்ந்திருந்தார்.
வெள்ளிக்கிழமை பத்தொன்பது புள்ளி நான்கு என்று
நான் திருப்பிய நெல்.

முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பார்த்தேன்.
"நடக்கறீங்களா சார்?"
"ஆமாம்மா, சர்க்கரைக்கு."
"சும்மா ரோட்டுல நடந்து என்ன ஆவப்போவுது?
செருப்பைக் கழட்டிட்டு இதுல நடங்க.
நேத்துலேர்ந்து என் முட்டி கழண்டு போச்சு."

நடந்தேன்.
பாதத்தைத் தூக்கக் கூடாது, இழுக்க வேண்டும்.
காலுக்குப் பின்னால் சால் விழுகிறது.
அடியில் இருந்த நெல் மேலே வருகிறது,
கொஞ்சம் குளிர்ச்சியாக.
கருவி இல்லாமல்
உள்ளங்காலுக்கே தெரிகிறது எங்கே ஈரம் என்று.
பதினெட்டு வருஷ உத்தியோகத்தில்
நெல்லைக் காலால் தொட்டது அன்றைக்குத்தான்.
போய்த் திரும்பினால் இருநூறு அடி.
மினி பஸ் டிரைவர் ஒருவன் என்னை அடையாளம் கண்டு
வேகத்தைக் குறைத்துச் சிரித்துவிட்டுப் போனான்.

பதினோரு மணிக்கு டீ வந்தது.
சொம்பின் அடியில் கரையாத சர்க்கரை
வண்டல் மாதிரி.
"சீனி இல்லாம..." என்று இழுத்தேன்.
"ஈரம்னு நெல்லைத் திருப்புனீங்க.
இனிப்புன்னு இதையும் திருப்புறீங்களா?"

குடித்தேன்.
அடி வண்டல் வரைக்கும்.
குடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே
இன்னும் எட்டு நடை.

திங்கட்கிழமை அவர் நெல் பதினாறு புள்ளி எட்டு.
வரிசையில் நின்றவர்கள் என் காலையே பார்த்தார்கள்.
என் எண்ணை நான் பார்க்கவில்லை.
பார்க்காதவரை அது எந்த எண்ணாகவும் இருக்கலாம்.

இரவெல்லாம் நெற்சுணை அரிப்பு.
கணுக்காலைச் சுவரில் தேய்த்துப் பார்த்தேன்.
இரண்டு மணிக்கு எழுந்துபோய்
ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
மச்சினன் கொண்டுவந்த பால்திரட்டு டப்பா
மஞ்சள் வெளிச்சத்தில், மூடி சரியாக மூடாமல்.

ஐஸ் கட்டி மட்டும் எடுத்துக்கொண்டு
தரையில் உட்கார்ந்து காலில் தேய்த்தேன்.
கதவை இன்னும் சாத்தவில்லை.